கீபோர்டு மேல் பழி போட வேண்டாம்

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

கிறிஸ்துவின் நாமத்தில் வாழ்த்துகள். ஞாயிறு ஆராதனை உயிரற்றுப் போனதற்குக் கீபோர்டும் டிரம்ஸும் இளைஞர்களும்தான் காரணம் என்று சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். பல வருடங்களாகப் பாடகர் குழுவில் நின்று பாடுகிறவள் என்ற முறையில் இதை ஒப்புக்கொள்ள முடியவில்லை. வாத்தியத்தில் ஒன்றும் இல்லை. ஆராதனையை யாரும் உட்கார்ந்து திட்டமிடுவதில்லை, அதுதான் கோளாறு.

ஒரு ஞாயிறு ஆராதனை எப்படி உருவாகிறது என்று கட்டுரையாளர் பக்கத்திலிருந்து பார்த்திருந்தால் தம்பிகளைத் திட்டியிருக்கமாட்டார். சனிக்கிழமை ராத்திரி ஒன்பது மணிக்கு வாட்ஸப் குழுவில் கீபோர்டு வாசிக்கும் தம்பி கேட்பான்: "நாளைக்கு என்ன பாட்டு?" யாராவது ஒருவர், "ரெண்டு பாமாலை, ஒரு கீர்த்தனை, காணிக்கைக்கு எதாவது ஒண்ணு" என்று போடுவார். (பாமாலை மேல்நாட்டு மெட்டில் பாடுவது, கீர்த்தனை நம் ராக தாளத்தில் பாடுவது.) ஐயர் (போதகரை அப்படித்தான் அழைப்போம்) பிரசங்கத்தை வாரம் முழுக்கத் தயாரித்திருப்பார். ஆனால் எதைப் பற்றிப் பேசப்போகிறார் என்பது பாடகர் குழுவுக்குத் தெரியாது. பாடம் வாசிப்பவரைக் கோயில் வாசலில் செருப்புக் கழற்றும்போதுதான் பிடிப்பார்கள். நாலு பேர் நாலு திசையில் இழுத்தால் அது எப்படி ஓர் ஆராதனையாகும்? ஈஸ்டருக்கு முந்தின தவக்காலமான லெந்து காலத்தில் பீடத்தில் ஊதாத் துணி விரித்திருக்கும், பாவ அறிக்கை முடிந்து முழங்காலில் இருந்து எழுந்திருப்போம், உடனே கைத்தட்டலோடு அல்லேலூயா பாட்டு ஆரம்பிக்கும். நல்ல பாட்டுதான். ஈஸ்டர் அன்று பாடியிருந்தால் கூரை பிய்ந்திருக்கும்.

பாதி வேலையைத் திருச்சபையின் ஆண்டு நாட்காட்டியான அல்மனாக் ஏற்கெனவே செய்து கொடுத்துவிடுகிறது. ஒவ்வொரு ஞாயிறுக்கும் பழைய ஏற்பாடு, நிருபம், சுவிசேஷம், அன்றைய பொருள், துணியின் நிறம் எல்லாம் அதில் இருக்கின்றன. கிறிஸ்துமஸுக்கு முந்தின காத்திருப்புக் காலமான அட்வெந்துக்கும் லெந்துக்கும் ஊதா, கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும் வெள்ளை, பரிசுத்த ஆவியின் திருநாளான பெந்தெகொஸ்தேவுக்குச் சிவப்பு, மற்ற காலத்துக்குப் பச்சை. துணி மாற்றுகிற கோயில்குட்டியார் தவிர அந்தப் பக்கத்தை யாராவது முன்கூட்டிப் பார்க்கிறோமா?

முன்கூட்டித் திட்டமிடுவது பழைய வழக்கம்தான். ஜெர்மன் இசையமைப்பாளர் யோகான் செபாஸ்டியன் பாக் 1723இல் லைப்சிக் நகரத் தேவாலயங்களின் இசைப் பொறுப்பை ஏற்றவர். அந்தந்த ஞாயிறுக்குரிய சுவிசேஷப் பகுதியை வைத்துத்தான் அவருடைய கான்டாட்டாக்கள் (வாத்தியங்களோடு பாடும் நீண்ட இசைப் படைப்புகள்) அமைந்தன. சுவிசேஷ வாசிப்புக்கும் பிரசங்கத்துக்கும் நடுவில் அவை பாடப்பட்டன. சில ஞாயிறுகளுக்கான பாடல் வரிகளைச் சேர்த்து முன்கூட்டியே சிறு புத்தகமாக அச்சிட்டு, சபையார் கையில் கொடுத்தார்கள். இன்னொன்றும் உண்டு. அட்வெந்தின் முதல் ஞாயிறுக்குப் பிறகும், லெந்து ஞாயிறுகளிலும் அங்கே கான்டாட்டா கிடையாது. எப்போது பாடாமல் இருப்பது என்பதும் திட்டத்தில் இருந்தது. அது ஜெர்மனியில் நடந்தது, நமக்கு எதற்கு என்று கேட்கலாம். 1706இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய மிஷனரி சீகன்பால்கும் பாக்கைப் போலவே மார்ட்டின் லூதர் வழிவந்த லூத்தரன் மரபுக்காரர்தான். நாம் இன்று பாடும் ஞானப்பாட்டுகள் பல அந்த வழியாக வந்தவை.

நம்மிடம் அந்தப் பொறுமை போய்விட்டது. டிசம்பர் முதல் தேதியே கேரல், கேக், நட்சத்திரம். காத்திருப்பைப் பாடும் அட்வெந்துப் பாமாலைகளுக்கு இடமே இல்லை. டிசம்பர் 26 வந்தால் எல்லோருக்கும் தொண்டை கட்டி, பண்டிகை முடிந்தே போகிறது. கிறிஸ்துமஸ் காலம் ஜனவரி 6 பிரசன்னத் திருநாள் வரைக்கும் ஓடுகிறது என்பது ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கூடத் தெரியாது.

சரி, வாத்தியத்துக்கு வருகிறேன். எது கோயிலுக்குள் வரலாம் என்ற சண்டை கீபோர்டோடு தொடங்கவில்லை. தஞ்சைக் கிறிஸ்தவக் கவிஞர் வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) ராக தாளத்தோடு கீர்த்தனைகளும் குறவஞ்சியும் இயற்றியபோது, ஐரோப்பிய மெட்டுகளுக்குப் பழகிய மிஷனரிகளில் எத்தனையோ பேருக்கு அது பிடிக்கவில்லை. அப்புறம் 1853இல் அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப் அந்தக் கீர்த்தனைகளைத் தொகுத்து அச்சிட்டார். இன்று கீர்த்தனைதான் 'நம் பழைய மரபு' என்று பெரியவர்கள் காக்க நினைப்பது.

அந்த மரபையும் கேள்வி கேட்டவர் ஒருவர் எங்கள் மதுரையில் இருந்தார். அரசரடியில் உள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் கற்பித்த தியோபிலஸ் அப்பாவு. கர்நாடக இசையில் அமைந்த கீர்த்தனைகள் சேரியில் வாழும் சபையாருக்கு அந்நியமாகவே இருக்கின்றன என்றார். நாட்டுப்புற மெட்டில், பேச்சுத் தமிழில், முழு ஆராதனை முறைமையையே அமைத்தார். கிராமியப் பாட்டைப் பாடுகிறவர்களே திருத்திக்கொள்ளலாம், கூட்டிக்கொள்ளலாம், அதுதான் அதன் பலம் என்பது அவர் கட்சி. பறையை வாசலுக்கு வெளியே நிறுத்திய சபைகள் உண்டு. 'சாவு மேளம்' என்று சொல்லுவார்கள். பயம் சாவைப் பற்றியதல்ல, அதை அடிப்பவர் யார் என்பதைப் பற்றியது. பக்கத்து பெஞ்சில் உட்காரச் சம்மதித்தவர்கள் பறைச் சத்தத்துக்குச் சம்மதிக்காதது ஏன் என்று நாம் பேசுவதே இல்லை. அப்பாவு 2005இல் மறைந்துவிட்டார். நான் அவரிடம் முக்கியமாகப் பார்ப்பது இதுதான்: அவர் பழைய ஆராதனைக்கு நடுவில் ஒரு பறைப் பாட்டைச் செருகிவிட்டு நிறுத்தவில்லை. பாவ அறிக்கையிலிருந்து ஆசீர்வாதம் வரை ஒரே மொழியில், ஒரே இசையில் யோசித்தார். கீபோர்டு வைத்திருக்கும் நம் தம்பிகளுக்கு அப்படி யோசிக்க நாம் வாய்ப்புக் கொடுத்திருக்கிறோமா?

பல புராட்டஸ்டன்ட் சபைகள் ஒன்றாகி, நம் தென்னிந்தியத் திருச்சபை 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை செயின்ட் ஜார்ஜ் கதீட்ரலில் உருவானது. 1950இல் அதன் திருவிருந்து (அப்பமும் ரசமும் பகிரும் ஆராதனை) முறைமை முதன்முதல் பயன்பாட்டுக்கு வந்தபோது உலகத் திருச்சபைகளே அதைக் கவனித்தன. குரு மேசைக்குப் பின்னால் நின்று சபையைப் பார்ப்பது, வேதாகமத்தைப் பவனியாகக் கொண்டுவருவது, சமாதானத்தைக் கையிலிருந்து கைக்குக் கொடுப்பது, எல்லாம் யோசித்து வைத்தவை. கை கொடுக்கும் வழக்கம் கேரளத்துச் சீரியன் கிறிஸ்தவ மரபிலிருந்து எடுத்தது. பீடத்தில் தொடங்கி, ஒருவர் உள்ளங்கைகளுக்கு நடுவில் மற்றவர் கை சேர்ந்து, கடைசி வரிசை வரை போக வேண்டும். எங்கள் சபையில் இப்போது அவரவர் நின்ற இடத்தில் கும்பிட்டுவிட்டு, கண்ணால் குடும்பத்தைத் தேடுகிறோம். ஒரு வரிசையிலிருந்து அடுத்த வரிசைக்கு அதை யார் எடுத்துப்போவது என்று சொல்லிவைத்தால் இரண்டு நிமிடத்தில் ஆகிவிடும்.

வாசிப்பும் அப்படித்தான். பெந்தெகொஸ்தே அன்று அப்போஸ்தலர் நடபடிகள் இரண்டாம் அதிகாரம், சீஷர்கள் பேசியதைப் பல தேசத்தார் அவரவர் மொழியில் கேட்ட பகுதி. "பார்த்தரும், மேதரும், ஏலாமீத்தரும்" என்று தொடங்கி மெசொப்பொத்தாமியா, கப்பத்தோக்கியா, பம்பிலியா என்று போகும். வாசலில் பிடித்த ஆள் ஏலாமீத்தரிலேயே தடுக்கி விழுந்துவிடுவார். அதே பகுதியை முன்கூட்டிக் கொடுத்து, சபையில் இருக்கும் மலையாளம், தெலுங்கு, இந்தி தெரிந்தவர்களை எழுப்பி, ஒரே நேரத்தில் அவரவர் மொழியில் இரண்டு வசனம் வாசிக்கச் சொன்னால் போதும். அன்றைக்கு எருசலேமில் என்ன நடந்தது என்று பிரசங்கம் விளக்க வேண்டிய அவசியமே இருக்காது. செலவு ஒரு ஜெராக்ஸ் காகிதம்.

அலங்காரம் பற்றி ஒரு வார்த்தை. குருத்தோலையில் சிலுவை பின்னும் பாட்டிமார் இன்னும் இருக்கிறார்கள். அறுப்பின் பண்டிகைக்கு வாழைத்தாரும் கரும்பும் கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். இவர்களை விட்டுவிட்டு, பீடத்துக்குப் பின்னால் தலைவர்கள் முகம் போட்ட ஃபிளெக்ஸ் பேனரை ஏன் கட்டுகிறோம்? பெரிய வெள்ளியன்று பன்னிரண்டு முதல் மூன்று மணி வரை, இயேசு சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளைப் பற்றி ஏழு பேர் பேசுகிறார்கள். யாரும் யாரோடும் பேசிவைத்துக்கொள்வதில்லை. ஆகவே ஏழு பேரும் சிலுவைப்பாடுகளின் முழுக் கதையையும் ஆரம்பத்திலிருந்து சொல்லுகிறார்கள். மௌனத்துக்கு ஐந்து நிமிடம் ஒதுக்கலாமா என்று ஒருமுறை கேட்டேன். ஜனங்கள் எழுந்து போய்விடுவார்கள் என்றார்கள்.

ஐயர்மாரைக் குறை சொல்லவில்லை. ஒரு சேகரத்தில் ஏழெட்டுக் கிராமச் சபைகளைப் பார்க்கிறவரிடம் வாராவாரம் கூட்டம் போடச் சொன்னால் அது அநியாயம். கிராமத்தில் ஐயருக்குப் பதிலாகச் சபையை நடத்தும் உபதேசியார்தான் எல்லாம். அங்கே ஆர்கனும் இல்லை, சில இடங்களில் ஒரு டோலக்குதான். அதனால் காலத்துக்கு ஒரு கூட்டம் போதும் என்கிறேன்: அட்வெந்துக்கு முன், லெந்துக்கு முன், பெந்தெகொஸ்தேவுக்கு முன். ஐயர், உபதேசியார், பாடகர் குழுவில் இரண்டு பேர், கீபோர்டுத் தம்பி, வாசிக்கிறவர்களில் ஒருவர், ஓய்வுநாள் பள்ளி டீச்சர். அல்மனாக்கை நடுவில் வைத்து, பாடங்களைச் சத்தமாக வாசித்துவிட்டு, அதற்கப்புறம் பாட்டு. பாட்டை முதலில் தேர்ந்தெடுத்தால் எல்லோரும் அவரவருக்குப் பிடித்ததைத்தான் சொல்லுவார்கள்.

உங்கள் பத்திரிகையால் ஓர் உதவி ஆகும். வரும் அட்வெந்துக்கு முந்தின இதழில் இரண்டு பக்கம் ஒதுக்குங்கள். ஒவ்வொரு ஞாயிறின் பாடங்கள், அவற்றுக்குப் பொருந்தும் பாமாலை, கீர்த்தனை எண்கள், கீர்த்தனைக்கு ராகமும் தாளமும், எந்தச் சரணத்தை விட்டால் பொருள் அறுந்துபோகும் என்ற குறிப்பு. சந்தம் பொருந்துகிற பாமாலைக்குத் தெரிந்த மெட்டு எது என்றும் போடுங்கள், புதுப் பாட்டைப் பழக்க நேரமில்லாத சபைகளுக்கு அது போதும். நாட்டுப்புற மெட்டில் அமைந்த ஒரு பாட்டாவது பட்டியலில் இருக்கட்டும். தொகுக்க ஆள் வேண்டுமென்றால் எங்கள் பாடகர் குழுவில் நாலு பேர் தயார்.

இப்படிக்கு,
பாடகர் குழு உறுப்பினர் ஒருவர்,
மதுரை