கம்மலைக் கழற்றினால்தான் ஞானஸ்நானமா?

பாஸ்டர் ஐயாவுக்கும் சபை மூப்பர்களுக்கும் ஸ்தோத்திரம்.

நகையைக் கழற்றினால்தான் ஞானஸ்நானம் என்பது நம் சபையின் விதி. போன மாத ஞானஸ்நானத்துக்கு முந்தின நாள், அதை எடுக்கவிருந்த ஓர் அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தார். நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்து, சீட்டுக் கட்டி வாங்கிய அரைப் பவுன் கம்மல். கண்ணாடி முன்னால் நின்று திருகாணியைக் கழற்றினார். துளை தூர்ந்துவிடக் கூடாதே என்று ஈர்க்குச்சியை ஒடித்துக் காதில் செருகிக்கொண்டார். "இது இருந்தா பாஸ்டர் ஒன்னும் சொல்ல மாட்டாருல்ல?" என்று என் மனைவியிடம் கேட்டார். மறுநாள் தண்ணீரில் இறங்கப் போகிறவருக்கு இருந்த கவலை அதுதான்.

நகை கூடாது என்பதற்கு நாம் காட்டும் வசனம் 1 பேதுரு 3:3. சரி, அதே வசனத்தில் 'மயிரைப் பின்னி' என்றும் இருக்கிறதே? நம் சபையில் சடை பின்னாத பெண் யார்? 'உயர்ந்த வஸ்திரங்கள்' என்றும் இருக்கிறது. கல்யாண ஆராதனையில் முன்வரிசைப் பட்டுச்சேலைகளை யாரும் கேள்வி கேட்டதில்லை. ஆண்களின் கைக்கடிகாரத்தைப் பற்றி நான் பேசவில்லை. என்னுடையதும் தங்க முலாம்தான்.

யூதரல்லாத புது விசுவாசிகளுக்கும் விருத்தசேதனம் (யூதரின் சுன்னத்துச் சடங்கு) இல்லாமல் இரட்சிப்பு இல்லை என்று சிலர் அந்தியோகியாவில் போதித்தபோது, அப்போஸ்தலரும் மூப்பரும் எருசலேமில் கூடிப் பேசினார்கள். அங்கே எழுந்து நின்றவர், அந்த நகை வசனத்தை எழுதிய இதே பேதுரு. நம்மாலேயே சுமக்க முடியாத நுகத்தடியைச் சீஷர் கழுத்தில் ஏன் ஏற்றுகிறீர்கள் என்று கேட்டார். கிருபையினாலே அவர்கள் இரட்சிக்கப்படுவது எப்படியோ, அப்படியே நாமும் என்றார். புதிதாக வந்தவர்களை முன்னால் வைத்து, தம்மைப் பின்னால் வைத்துச் சொன்னதைக் கவனியுங்கள் (அப்போஸ்தலர் 15).

அப்படியானால் எப்படி வேண்டுமானாலும் வாழலாமா என்று மூப்பர் ஒருவர் கேட்டார். இல்லை ஐயா. ரோமர் 6 சொல்லும் புதிதான ஜீவன் எனக்கும் வேண்டும். மூன்று வருஷமாக மாமியாரோடு பேசாமல் இருந்த அந்த அக்கா, ஞானஸ்நான வகுப்புக்கு வர ஆரம்பித்த இரண்டாவது மாதம் தானே போய்ப் பேசினார். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அன்றைக்குக் கம்மல் காதில்தான் இருந்தது.

இயேசு சொன்ன உவமையில், வீட்டைவிட்டுப் போய்ப் பன்றி மேய்த்துவிட்டுத் திரும்பிய இளைய குமாரனுக்குத் தகப்பன் மோதிரம் போடச் சொன்னார். நாம் கழற்றச் சொல்லி அனுப்புகிறோம்.

அடுத்த வகுப்பு தொடங்குமுன் இந்த விதியை எடுத்துவிடுங்கள். அக்காவின் கம்மல் எங்கள் பீரோவில், ஒரு மாத்திரை டப்பாவில் இருக்கிறது. வந்து வாங்கிக்கொள்ளச் சொல்லட்டுமா?

இப்படிக்கு,
உங்கள் ஞாயிறு பள்ளி ஆசிரியர்