முதல் ரிவியூவில் திரையைக் கேட்காதீர்கள்

கடலூர், புதுச்சேரி பொறியியல் கல்லூரிகளில் இறுதியாண்டு ப்ராஜெக்டுக்கு வழிகாட்டும் ஆசிரியர்களுக்கு,

வணக்கம். மஞ்சக்குப்பத்தில் மூன்று பேரோடு சின்னதாக மென்பொருள் தொழில் செய்கிறேன். வருடத்துக்கு நாலைந்து மாணவர்கள் இன்டர்ன்ஷிப்புக்கு வருவார்கள். இந்த முறை வந்த நால்வருடைய ப்ராஜெக்டும் முதல் ரிவியூவிலேயே முழுதாக ஓடியதாம். லாகின், டாஷ்போர்டு, சார்ட் எல்லாம் ஒரே இரவில் ஏஐ எழுதிக் கொடுத்தது. "இந்த பட்டனை அமுக்கினால் டேட்டாபேஸில் எந்த டேபிளில் போய்ச் சேருகிறது?" என்று கேட்டேன். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அவர்களைக் குறை சொல்ல எனக்குத் தகுதி இல்லை. போன வருடம் துறைமுகத்தில் ஏலம் விடும் ஒருவருக்குக் கணக்கு ஆப் செய்தேன். படகு, மீன், எடை, விலை, கமிஷன், முன்பணக் கழிவு என எல்லாவற்றையும் ஏஐயிடம் ஒரே ப்ராம்ப்டில், அதாவது ஒரே கட்டளையில், கொட்டினேன். மதியத்துக்குள் ஆப் தயார். அப்புறம்தான் அவர், "தம்பி, முன்பணம் கழிக்கிறது படகுக்குப் படகு வேற" என்றார். அதைத் திருத்தினால் கமிஷன் தப்பாக வந்தது. கமிஷனைத் திருத்தினால் பழைய பில்கள் மாறின. மூன்று நாள் மல்லுக்கட்டிவிட்டு எல்லாவற்றையும் அழித்தேன்.

மறுபடி தொடங்கியபோது முதல் கட்டத்தில் படகு, மீன், எடை, விலை மட்டும்தான். கமிஷன்கூடக் கிடையாது. ஒரு வாரம் அவருடைய நோட்டையும் ஆப்பையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். நெத்திலியை அவர் கிலோவில் அல்ல, கூடைக் கணக்கில் ஏலம் விடுகிறார் என்பது இரண்டாம் நாளே தெரிந்தது. சின்ன ஆப் என்பதால் அரை மணியில் மாற்ற முடிந்தது. மொத்தத் தொகை ஒத்துப்போன பிறகே, கோடின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட்டில் (Git) ஒரு கமிட், அதாவது ஒரு பதிவு. அதன் பிறகே அடுத்த கட்டம்.

ஏஐயோடு கட்டத்துக்கு ஓர் உரையாடல் என்று வைத்துக்கொண்டேன். பேச்சு நீண்டால் இந்தக் கருவிகள் முன்னால் பேசியதைச் சுருக்கிக்கொள்கின்றன. ஏன் அப்படி முடிவெடுத்தோம் என்பது அதில் காணாமல் போகும். ஆகவே முடிவுகளை எல்லாம் ஒரு திட்டக் கோப்பில் எழுதிவைத்தேன். கோடு எழுதித் தரும் ஏஐ கருவியான கிளாட் கோடில் பிளான் மோட் என்றே ஒன்று உண்டு. கோப்புகளைப் படித்துத் திட்டம் தரும். நாம் சரி சொல்லும்வரை கோடில் கை வைக்காது.

அந்தத் திட்டத்தையும் அப்படியே நம்பிவிட முடியாது. எனக்கு வந்ததில் கடைசிக் கட்டச் சோதனை மே முதல் வாரம். இங்கே ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகெல்லாம் கரையில் நிற்கும். எதை ஏலம் விட்டுச் சோதிப்பது? ஏலக்காரர் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. கடலூரில் பிறந்த நானே அதைக் கவனிக்கவில்லை என்பதுதான் வெட்கம்.

என் வேண்டுகோள் இதுதான். முதல் ரிவியூவில் ஆப் ஓடும் திரை வேண்டாம், இரண்டு பக்கத் திட்டம் கேளுங்கள். ஒவ்வொரு கட்டமும் முடிந்ததென்று எதை வைத்துச் சொல்வார்கள், யாரிடம் காட்டிச் சரிபார்ப்பார்கள் என்று அதில் இருக்கட்டும். இரண்டாவது ரிவியூவில் கமிட்டுகளைத் திறக்கச் சொல்லுங்கள். வைவாவில் சின்ன மாற்றம் ஒன்றைச் சொல்லி, அது எந்தக் கட்டத்தைத் தொடும் என்று கேளுங்கள். ஏஐயைத் தடை செய்ய வேண்டியதில்லை, செய்தாலும் நிற்கப்போவதில்லை.

பயிற்சிக்கு மாதிரித் தரவு வேண்டுமென்றால், ஏலக்காரரிடம் அனுமதி வாங்கிப் பெயர்களை மறைத்து அவருடைய பழைய நோட்டு இரண்டைத் தருகிறேன். கையெழுத்துதான் கொஞ்சம் மோசம்.

இப்படிக்கு,
மஞ்சக்குப்பத்திலிருந்து ஒரு மென்பொருள்காரன்