பலகையில் நான்கு மொழி

சிங்கப்பூர்

அன்புள்ள தம்பிக்கு,

நலம். அம்மா முழங்காலுக்குத் தைலம் தேய்க்கிறாளா? ஆம்பூரில் நம் தெருவுக்கு அறிவிப்புப் பலகை வைக்கப்போகிறோம், இங்கே எப்படி என்று கேட்டிருந்தாய்.

இங்கே வீவக (அரசு வீடமைப்புக் கழகம்) கட்டிய அடுக்குமாடி புளோக்குகளில் பலகை தரைத்தளத்தில், லிஃப்ட் பக்கத்தில் இருக்கும். லிஃப்டுக்குக் காத்து நிற்கிறவர் கண் தானாக அங்கே போகும். கண்ணாடிக் கதவு போட்டுப் பூட்டியிருக்கும். நீங்களும் பூட்டு போடுங்கள், இல்லாவிட்டால் ஒரே வாரத்தில் டியூஷன் விளம்பரம் மூடிவிடும். நேர் வெயில் படும் சுவர் வேண்டாம். சிவப்பு மை முதலில் வெளுத்து, முக்கியமான வரிதான் மறைந்துபோகும்.

டெங்கி பரவும் இடங்களில் பதாகை கட்டுவார்கள். 10 பேருக்குக் குறைவாகப் பாதிக்கப்பட்டிருந்தால் மஞ்சள், 10-ம் அதற்கு மேலும் என்றால் சிவப்பு. படிக்கத் தெரியாத பாட்டிக்கும் நிறம் புரியும். சீனர்கள் இறந்தவர்களுக்காகக் காகிதம் எரிக்கும் அவர்களின் ஏழாம் மாதத்தில், அதற்கென வைத்த தொட்டியில் எரியுங்கள் என்று ஒட்டுவார்கள். தீபாவளிக்கும் நோன்புப் பெருநாளுக்கும் வாழ்த்து வரும். ஒரு புளோக்கில் யார் யார் வாழ்கிறார்கள் என்று அந்தப் பலகையே சொல்லிவிடும்.

முக்கியமான அறிவிப்புகள் ஆங்கிலம், சீனம், மலாய், தமிழ் நான்கிலும் வரும். நான்கும் இங்கே ஆட்சிமொழிகள். ஆனால் தமிழ் சில நேரம் உடைந்து வரும், பார்க்கவே மனசு வலிக்கும். 'தெரு' என்பதில் கொம்பு 'த'வுக்கு முன்னால் நிற்கணும் இல்லையா? கணினி அதைத் 'த'வுக்குப் பின்னால்தான் சேமிக்கும், காட்டும்போது முன்னால் கொண்டுவரும். தமிழ் அறியாத வடிவமைப்பு மென்பொருளில் ஒட்டினால் கொம்பு பின்னாலேயே நின்றுவிடும், புள்ளியும் எழுத்தின் தலையில் ஏறாது. வடிவமைப்பவருக்குத் தமிழ் தெரியாததால் பிழை கண்ணில் படாமலே அச்சுக்குப் போய்விடும். தட்டச்சு செய்ததைச் சரிபார்த்தால் போதாது, அச்சுக்குப் போகிற கடைசிப் பிரதியைத் தமிழ் படிக்கிற ஒருவர் பார்த்தே ஆகணும்.

இதை ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், நம் தெருவில் உருது பேசுகிற வீடுகள் எத்தனை! முதல் நாளிலிருந்தே உருதுக்குச் சரிபாதி இடம் விடு. மிச்சமிருக்கும் மூலையில் பிறகு சேர்த்தால், அவர்கள் அதை மூலையாகத்தான் பார்ப்பார்கள். உருதுவிலும் இதே வம்பு உண்டு: எழுத்துகள் ஒட்டாமல் பிரியும், வரி வலமிருந்து இடமாக ஓடாமல் திரும்பிக்கொள்ளும். மசூதித் தெருப் பெரியவர் யாரிடமாவது கடைசிப் பிரதியைக் காட்டு.

தமிழ்ப் பிரதியை ஒட்டுவதற்கு முன் வாட்ஸ்அப்பில் எனக்கு அனுப்பு, அன்றைக்கே பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
அக்கா