ஆளுமைச் சோதனையை இருவராக எழுதிப் பார்க்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஜோதிடமும் ஆளுமைச் சோதனைகளும் ஒருவர் தம்மை அறியவும் உறவுகளைச் சீர்படுத்திக்கொள்ளவும் உதவும் என்று தங்கள் வார இணைப்பில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். தம்பதியருக்கு ஆலோசனை கூறும் பணியில் இருப்பவள் என்பதால் இதைக் குறித்து எழுதத் தோன்றியது. கட்டுரையை மறுப்பது என் நோக்கமன்று. சொல்ல வேண்டியதில் பாதியோடு அது நின்றுவிட்டது என்பதே என் குறை.

தம் குணத்தைப் பற்றி ஒருவர் உட்கார்ந்து யோசிப்பதே அரிதாக இருக்கும்போது, ராசி பலனோ மனிதர்களைப் பதினாறு வகையாகப் பிரிக்கும் ஆளுமைச் சோதனையோ அந்த யோசனையைத் தூண்டுமானால் அதில் குற்றம் காண ஏதுமில்லை. ஆனால் படித்தவுடன் "அப்படியே என்னைச் சொல்கிறதே" என்று எழும் வியப்பைச் சான்றாக எடுத்துக்கொள்ளக் கூடாது. 1948-இல் அமெரிக்க உளவியலாளர் பெர்ட்ராம் ஃபோரர் தம் மாணவர்கள் 39 பேருக்கு ஒரு சோதனை வைத்து, அதன் முடிவு என்று ஆளுக்கொரு குறிப்பைக் கொடுத்து, அது எவ்வளவு பொருந்துகிறது என ஐந்துக்கு மதிப்பெண் போடச் சொன்னார். சராசரி 4.26 வந்தது. எல்லோர் கையிலும் இருந்தது ஒரே குறிப்பு. அதன் வாக்கியங்கள் கடையில் விற்ற ஒரு ஜோதிடப் புத்தகத்திலிருந்து எடுக்கப்பட்டவை. (ஏப்ரல் முதல் வாரத்தில் பிறந்தவரை மேலை முறை மேஷம் என்கிறது, நம் பஞ்சாங்கமோ அவருடைய சூரியனை மீனத்தில் வைத்து, ராசியைச் சந்திரனைக் கொண்டு சொல்கிறது. இணையத்தில் இவை அனைத்தையும் படித்துவிட்டு, அனைத்திலும் தம்மையே காண்பவர்கள் உண்டு.)

இதைவிட என்னை அதிகம் யோசிக்க வைத்தது, அமெரிக்க இயற்பியலாளர் ஷான் கார்ல்சன் 1985-இல் 'நேச்சர்' என்ற அறிவியல் இதழில் வெளியிட்ட ஆய்வு. ஒரு ஜாதகத்தையும் மூன்று பேரின் ஆளுமைச் சோதனை முடிவுகளையும் ஜோதிடர்களிடம் கொடுத்து, ஜாதகத்துக்கு உரியவருடைய முடிவு எது என்று கேட்டார்கள். கண்ணை மூடிக்கொண்டு தொட்டாலும் கிடைக்கக்கூடிய, மூன்றில் ஒரு பங்கு அளவுக்கே அவர்கள் சரியாகச் சொன்னார்கள். இதைப் பலரும் எடுத்துக்காட்டுவார்கள். சோதனை எழுதியவர்களாலேயே மூன்றில் தம்முடைய முடிவு எது என்று அடையாளம் காண முடியவில்லை என்பதை யாரும் அவ்வளவாகச் சொல்வதில்லை. தம்மைப் பற்றித் தாமே பதில் எழுதியவர்களின் நிலை அது.

அப்படியானால் தன்னை அறிவதைத் தனியாக உட்கார்ந்து முடித்துவிட முடியாது. மனத்துக்குள் ஓடும் பதற்றத்தைப் போன்றவற்றை அவரவரே நன்கு அறிவார்கள் என்றும், அறிவுக்கூர்மை, படைப்பாற்றல் முதலியவற்றை நெருங்கிய நண்பர்கள் இன்னும் சரியாக மதிப்பிடுகிறார்கள் என்றும் உளவியலாளர் சிமின் வசிரே 2010-இல் வெளியிட்ட ஆய்வு காட்டுகிறது. தங்கள் கட்டுரை கோட்டைவிட்டது இங்கேதான் என்பேன்.

பிணக்கோடு என்னிடம் வருகிற தம்பதியர் இப்போதெல்லாம் ஒருவருக்கொருவர் சூட்டிய பட்டங்களோடு வருகிறார்கள். "இவர் இன்ட்ரோவர்ட், மனம்விட்டுப் பேசவே மாட்டார்" என்று மனைவியும், "அவள் ராசிக்கே பிடிவாதம் உண்டு" என்று கணவரும் சொல்லும்போது, இருவரும் ஒருவரை ஒருவர் புரிந்துகொண்டுவிட்டதாகவே நம்புகிறார்கள். உண்மையில் கேட்பதை நிறுத்திவிட்டார்கள். "வேலை முடிந்து வந்ததும் அரை மணி நேரம் என்னிடம் எதுவும் கேட்காமல் இருந்தால் எனக்கு ஆறுதலாக இருக்கும்" என்று அந்தக் கணவர் சொல்லியிருந்தால், அதற்கு ஒப்புக்கொள்ளலாம், மறுக்கலாம், கால் மணி நேரமாகக் குறைக்கச் சொல்லிப் பேரம்கூடப் பேசலாம். இன்ட்ரோவர்ட் என்ற பட்டத்தோடு என்ன பேச முடியும்? போதாக்குறைக்கு அந்தப் பட்டமும் உறுதியானதன்று. மனிதர்களில் பெரும்பாலோர் தனிமையை நாடும் இன்ட்ரோவர்ட், கூட்டத்தை நாடும் எக்ஸ்ட்ரோவர்ட் என்ற இரு முனைகளுக்கும் நடுவில் இருப்பவர்கள். நடுக்கோட்டின் அருகே இருப்பவர் சில வாரம் கழித்து அதே சோதனையை எழுதினால் வேறு வகைக்குள் போய்விடக்கூடும்.

நான் செய்யச் சொல்வது இதுதான். எந்தச் சோதனையானாலும் கணவன் மனைவி இருவரும் இரண்டு முறை எழுத வேண்டும்: முதலில் தமக்காக, பிறகு மற்றவர் என்ன பதில் எழுதியிருப்பார் என்று ஊகித்து. அதன்பின் ஒருவர் தமக்காக எழுதிய தாளையும் அவருக்காக மற்றவர் ஊகித்து எழுதிய தாளையும் பக்கத்தில் வைத்து, வேறுபடும் கேள்விகளைப் பற்றி மட்டும் பேச வேண்டும். மதிப்பெண்ணையும் வகையையும் பார்க்கவே வேண்டாம். "புதியவர்களிடம் எளிதாகப் பேசுவேன்" என்ற வரிக்கு மனைவி "இல்லை" என்று எழுதியிருக்க, கணவர் சற்றும் தயங்காமல் "ஆம்" என்று ஊகித்திருப்பார். விருந்தினர் வரும்போதெல்லாம் மனைவி எவ்வளவு சிரமப்பட்டுச் சிரித்தார் என்பது அன்றைக்குத்தான் வெளியே வரும். ராசிக் குணங்களையும் இப்படியே கையாளலாம். எந்த வரி பொருந்தவில்லை என்று மற்றவரைச் சொல்லவிட்டால் போதும்.

தங்கள் இணைப்பில் இனி இத்தகைய சோதனை வெளியாகும்போது, விடை எழுத ஒரு பத்திக்குப் பதிலாக இரண்டு பத்திகள் விட்டு, இரண்டாவதன் தலைப்பில் "உங்களை அறிந்தவர் நிரப்ப வேண்டியது" என்று அச்சிட்டு உதவுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி