அப்பாவுக்குத் துணைநின்றவர்களுக்கு எங்கள் நன்றி

பேரன்புடையீர்,

குடியாத்தத்தில் தறி நெய்து எங்களை வளர்த்த அப்பா, பக்கவாதத்தால் வலக்கையும் வலக்காலும் விழுந்து பேச்சும் குழறிய நிலையில் கண்விழித்த அந்தக் காலையிலிருந்து இன்றுவரை துணைநின்ற அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றியைத் தெரிவித்துக்கொள்கிறோம்.

முகம் கோணியிருப்பதைக் கண்டதும், சோடா கொடுக்கலாம் என்ற பேச்சுக்கு இடம் தராமல் 108-ஐ அழைத்த எதிர்வீட்டு அக்காவுக்கு முதல் நன்றி. மூளை ரத்தக்குழாயின் அடைப்பைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நான்கரை மணி நேரத்துக்குள் போடவேண்டும். பக்கவாதம் இரவில் எப்போது வந்தது என்று தெரியாததால் அப்பாவுக்கு அதைப் போட இயலவில்லை.

வேலூர் மருத்துவமனையில் ரத்த அழுத்தம் 190-ஐத் தாண்டியிருந்தும் பிரஷர் மாத்திரை கொடுக்கவில்லையே என்று நாங்கள் பதறியபோது, பொறுமையாக உட்காரவைத்து விளக்கிய இளம் மருத்துவருக்கு மிகவும் கடமைப்பட்டிருக்கிறோம். உடல் எடையில் 2 விழுக்காடே உள்ள மூளை, இதயம் அனுப்பும் ரத்தத்தில் ஏறத்தாழ 15 விழுக்காட்டைப் பெறுகிறது. அழுத்தம் ஏறினாலும் இறங்கினாலும், ஓர் எல்லைவரை, அதன் சிறு நாளங்கள் சுருங்கியும் விரிந்தும் ஓட்டத்தைச் சீராக வைத்துக்கொள்கின்றன. அடைப்பைச் சுற்றியுள்ள பகுதியில் அந்தத் திறன் குன்றிவிடுவதால், அங்கே அழுத்தம் இறங்கினால் ஓட்டமும் இறங்கிவிடும். ஏரியில் மட்டம் தாழ்ந்தால் கடைமடை வயல் முதலில் காய்வதைப்போல, செயலற்றும் இன்னும் மடியாதிருக்கும் அந்தப் பகுதி ரத்தமின்றி மடிந்துவிடக்கூடும் என்றார். அதனால்தான், கரைக்கும் ஊசி போடாதவர்களுக்கு, வேறு ஆபத்து இல்லையெனில், முதல் நாளில் 220/120 வரை விட்டுவைப்பார்களாம். கைகட்டி நிற்பதாக நாங்கள் எண்ணியது உண்மையில் கண்கொத்திக் காவல்.

விழுங்கும் திறனைச் சோதிக்காமல் ஒரு வாய்த் தண்ணீரும் தரவிடாத செவிலியர்களுக்கும், அப்பாவை உட்காரவைக்கும்போதெல்லாம் அழுத்தம் பார்த்து, தலை சுற்றுகிறதா என்று கேட்டுக் கேட்டு நிமிர்த்திய இயன்முறை மருத்துவர்களுக்கும் நன்றி. சக்கர நாற்காலியில் அமர்ந்தே அறுவைசிகிச்சை செய்த மருத்துவர் மேரி வர்கீஸ் மறுவாழ்வு மருத்துவத்துக்கு வித்திட்ட ஊர் வேலூர். அந்த மரபின் பயன் எங்கள் வீட்டுக்கும் கிடைத்தது.

ஊர் திரும்பியபின், மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வாசலுக்கே வந்து பயிற்சி தந்தவர்களை அப்பா இப்போது பெயர் சொல்லி அழைக்கிறார். வலக்கை விரல்கள் இன்னும் முழுதாக மடங்கவில்லை, பயிற்சி தொடர்கிறது. இன்று அழுத்தத்தைக் கட்டுக்குள் வைக்கும் மாத்திரையை நாள் தவறாமல் நினைவூட்டும் பக்கத்துத் தறிக்காரருக்கும் எங்கள் வணக்கம்.

நன்றியுடன்,
பிள்ளைகள், குடியாத்தம்