'கைவிரித்துவிட்டனர்' என்று எழுத வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். நோய் முற்றியவர்களைப் பற்றிய செய்தி வரும்போதெல்லாம் 'டாக்டர்கள் கைவிரித்துவிட்டனர்' என்ற வரி தவறாமல் வந்துவிடுகிறது. உங்கள் நாளிதழிலும் வருகிறது. தயவுசெய்து இந்த வார்த்தையை விட்டுவிடுங்கள் என்று கேட்கத்தான் எழுதுகிறேன். இந்த ஒரு வார்த்தையை நம்பி எங்கள் வீட்டில் 23 நாள் வீணாய்ப் போனது. அந்த 23 நாளும் என் அப்பா வலியில் கிடந்தார்.

அப்பாவுக்கு நுரையீரல் புற்றுநோய். முதுகெலும்புக்கும் பரவிவிட்டது. கடைசி ஸ்கேனைப் பார்த்த டாக்டர், "இனிமே செய்யறதுக்கு ஒண்ணுமில்ல, வீட்ல வச்சுப் பாத்துக்கோங்க" என்றார். அண்ணன் வெளியே வந்து சொந்தக்காரர்களுக்கெல்லாம் போனில், "கைவிரிச்சுட்டாங்க" என்று சொன்னான். அப்புறம் நாங்கள் யாரையும் போய்ப் பார்க்கவில்லை. பார்த்து என்ன ஆகப்போகிறது என்று இருந்துவிட்டோம். படுத்தால் அப்பாவுக்கு முதுகு வலிக்கும், மூச்சு வாங்கும். அதனால் ராத்திரி முழுக்க உட்கார்ந்தே இருப்பார். எதிரே ஒரு நாற்காலி, அதன்மேல் தலையணை, அதில் நெற்றியைச் சாய்த்துக்கொள்வார். அரைமணிக்கு ஒரு தரம், "ஏம்மா, மணி என்னாச்சு?" என்பார். எப்போது விடியும் என்று கேட்கிறார் என்பது எனக்குத் தெரியும்.

தெரிந்தவர் ஒருவர் சொல்லித்தான், வீட்டுக்கே வந்து பார்க்கும் நோய்த்தணிப்புச் சிகிச்சைக் குழு, அதாவது நோயாளியின் வலியையும் வேதனையையும் குறைக்கும் குழு, ஒன்று இருப்பதே தெரிந்தது. கடைசிக் காலத்தில் தரும் இந்தக் கவனிப்பை 'ஹாஸ்பிஸ்' என்பார்கள். 'ஹாஸ்பிஸ்' என்றால் சாகப்போகிறவர்களைக் கொண்டுபோய் விடுகிற கட்டடம் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். தனிக் கட்டடத்திலும் அது நடக்கும், நோயாளியின் சொந்தக் கட்டிலைச் சுற்றியும் நடக்கும். சாவை அவர்கள் விரைவுபடுத்துவதில்லை, இழுத்துப் பிடிப்பதும் இல்லை. மிச்சமிருக்கிற நாளை வலியில்லாமல் வாழவைக்கிறார்கள்.

வந்த நர்ஸ் ஃபைலைத் திறக்கவில்லை. அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, எங்கே வலிக்கிறது, தூக்கம் வருகிறதா, மனசில் என்ன கவலை என்று மூன்று கேள்விதான் கேட்டார். அப்பா மூன்றாவதற்குத்தான் முதலில் பதில் சொன்னார். என்னைக் காட்டி, "இவ தூங்கியே ரொம்ப நாளாச்சு" என்றார்.

இப்படிக் கேட்பதற்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். சிசிலி சாண்டர்ஸ் என்ற பெண்மணி நர்ஸாகவும் சமூகப் பணியாளராகவும் வேலை பார்த்துவிட்டு, அதற்குமேல் மருத்துவம் படித்து டாக்டரானவர். 1967-ல் லண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பிஸைத் தொடங்கினார். உடம்பு வலியோடு மனக்கவலை, குடும்பத்தைப் பற்றிய பயம், வாழ்க்கைக்கு என்ன அர்த்தம் என்கிற தவிப்பு எல்லாம் சேர்ந்ததுதான் நோயாளியின் முழு வலி என்றார். வலி வந்து துடித்த பிறகு மருந்து கொடுக்காதீர்கள், வருவதற்கு முன்பே நேரம் தவறாமல் கொடுங்கள் என்று வற்புறுத்தியவரும் அவர்தான்.

அப்பாவுக்கும் அப்படித்தான் நான்கு மணி நேரத்துக்கு ஒரு தடவை மார்ஃபின் சிரப் கொடுக்கச் சொன்னார்கள். அண்ணன் ஒத்துக்கொள்ளவில்லை. போதை மருந்தாயிற்றே, பழகிவிடும், உயிரைச் சீக்கிரம் எடுத்துவிடும் என்று சண்டை போட்டான். குழுவின் டாக்டர் கோபப்படாமல் உட்கார்ந்து விளக்கினார். குறைந்த அளவில் ஆரம்பித்து, பார்த்துப் பார்த்துக் கூட்டுவார்கள். வலிக்காகச் சரியான அளவில் கொடுக்கும்போது அடிமையாவது அபூர்வம், உயிருக்கும் ஆபத்தில்லை. முதல் சில நாள் தூக்கக் கலக்கம் இருக்கும், போய்விடும். மலச்சிக்கல் மட்டும் போகாது, அதற்கு முதல் நாளிலிருந்தே தனி மருந்து. மூச்சுத் திணறலுக்கும் அதே மார்ஃபின் உதவும் என்றார். முகத்துக்கு நேராக ஒரு சின்ன மின்விசிறியை ஓடவிடச் சொன்னார். இவ்வளவு சுலபமான விஷயத்தை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லையே என்று எனக்கு அழுகை வந்தது. மூன்றாம் நாள் ராத்திரி அப்பா மல்லாந்து படுத்துத் தூங்கினார். இரண்டு மணி மருந்துக்கு அவரை எழுப்ப எனக்கு மனசே வரவில்லை.

அப்படிப் 19 நாள் இருந்தார். அண்ணனோடு உட்கார்ந்து பழைய கணக்குகளைச் சொல்லி முடித்தார். அம்மாவிடம் நிறையப் பேசினார், நாங்கள் அந்தப் பக்கம் போகவில்லை.

கடைசி வாரம் சாப்பாட்டை நிறுத்திவிட்டார். நான் கரண்டியும் கையுமாக நிற்பேன். உடம்பு அடங்கிக்கொண்டு வருகிறது, அதற்குப் பசி தெரியாது, வற்புறுத்தினால் புரையேறிச் சங்கடப்படுவார் என்று நர்ஸ் எடுத்துச் சொன்னார். ஊட்ட முடியாத மகள் என்ன செய்வது? பஞ்சை நனைத்து உதட்டையும் ஈறையும் ஈரமாக வைத்துக்கொள்ளக் கற்றுக்கொடுத்தார். அதையே செய்தேன். மூச்சு விட்டுவிட்டு வரும், கால்கள் சில்லிடும், முழங்காலில் நீலம் பாரிக்கும், தொண்டையில் சத்தம் கேட்கும், அப்போது ஒருக்களித்துப் படுக்க வையுங்கள் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார். எல்லாம் அதே வரிசையில் வந்தது. பதறிப்போய் ஆம்புலன்ஸைக் கூப்பிடாமல், பக்கத்திலேயே இருந்தோம். இரண்டு வாரம் கழித்து அம்மாவைப் பார்ப்பதற்கென்றே அதே நர்ஸ் மறுபடியும் வந்தார். துக்கப்படுகிற குடும்பத்தையும் கவனிப்பது அவர்கள் வேலையில் சேர்ந்தது என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்.

இதெல்லாம் கடைசி நாட்களுக்கு மட்டும் என்றும் இல்லை. அமெரிக்காவில் முற்றிய நுரையீரல் புற்றுநோயாளிகளிடம் நடத்தி 2010-ல் வெளியான ஆய்வில், ஆரம்பத்திலேயே வழக்கமான சிகிச்சையோடு நோய்த்தணிப்பையும் சேர்த்துப் பெற்றவர்களுக்கு மனச்சோர்வு குறைந்தது, அவர்கள் இரண்டரை மாதத்துக்கும் மேல் கூடுதலாக வாழ்ந்தார்கள். ஆனால் உலக அளவில் இது தேவைப்படுகிறவர்களில் சுமார் 14 சதவீதம் பேருக்குத்தான் கிடைக்கிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். மற்றவர்களில் பலருக்கு எட்டும் தூரத்தில் வசதியே இல்லை. சிலருக்கு, எங்களைப் போல, இருப்பதே தெரிவதில்லை.

அடுத்த முறை அப்படி ஒரு செய்தி வரும்போது, 'நோயைக் குணப்படுத்தும் சிகிச்சை நிறுத்தப்பட்டது, நோய்த்தணிப்புச் சிகிச்சை தொடர்கிறது' என்று எழுதுங்கள். தொடரவில்லை என்றால், ஏன் தொடரவில்லை என்று உங்கள் நிருபர் அந்த மருத்துவமனையிடம் கேட்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் நாளிதழின் வாசகி ஒருத்தி