முடியைப் பற்றி ஒரு வரியும் இல்லையே!

ஆசிரியருக்கு,

ஞாயிறு இணைப்பில், கதைப் பாத்திரங்களைப் போல வேடமிடும் காஸ்பிளே பற்றிய கட்டுரை படித்தேன். உடை, ஒப்பனை, செலவுக் கணக்கு எல்லாம் இருந்தது; தலைமுடி பற்றி ஒரு வரி இல்லை. அமெரிக்கக் கறுப்பினப் பெண்களுக்கு அதுதானே பெரிய சிக்கல்? ஜப்பானிய அசைபடமான அனிமேயின் பாத்திரம் ஒன்றின் வேடம் போட்டால், 'அந்தப் பாத்திரம் கறுப்பு இல்லையே' என்று கேட்க ஆள் வந்துவிடுகிறது. அந்தப் பாத்திரங்களுக்கு இருக்கும் பச்சை முடியும் ஊதா முடியும் யாருக்குமே பிறவியில் கிடையாது என்பது மட்டும் உறைப்பதில்லை. 2015 முதல் பிப்ரவரியின் 28 நாளும் கறுப்பினக் கலைஞர்கள் தங்கள் வேடப் படங்களை இணையத்தில் பகிர்ந்து வருகிறார்கள். சிலர் விக் வைக்கிறார்கள். சிலர் தங்கள் சுருள்முடியிலேயே பாத்திரத்தின் கொண்டையைப் போட்டுக்கொள்கிறார்கள். எனக்குப் பிடித்தது இரண்டாவது வகை.

இந்த முடியின் மீது அதிகாரம் கை வைப்பது பழைய கதை. 1786-இல், அப்போது ஸ்பெயின் ஆட்சியிலிருந்த, இன்றைய அமெரிக்காவின் லூசியானாவில், ஆளுநர் எஸ்தேபான் மீரோ அடிமைகளாக இல்லாத கறுப்பினப் பெண்களும் தலையைத் துணியால் கட்ட வேண்டும் என்று ஆணையிட்டார். அவர்கள் அதையே பளிச்சென்ற நிறத்தில், நகை வைத்துக் கட்டி அலங்காரமாக்கிவிட்டார்கள். அந்தக் காலத்துக் காஸ்பிளே என்றுகூடச் சொல்லலாம்! சடைக்காகவும் சுருளுக்காகவும் வேலையிடத்திலும் பள்ளியிலும் பாகுபாடு காட்டக் கூடாது என்று கலிஃபோர்னியா 'கிரவுன்' சட்டம் கொண்டுவந்தது 2019-இல்தான். நாடு முழுமைக்குமான மசோதா 2022-இல் பிரதிநிதிகள் சபையைத் தாண்டியது, செனட்டில் நின்றுபோனது.

சரி, அடுத்த முறை முடிக்கு அரைப் பக்கமாவது ஒதுக்குங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி